மயிலாப்பூரில் முளைத்த மர்மதேசம்

சின்னத்திரை வளர்ந்த கதை – அத்தியாயம் 19

சென்ற அத்தியாயத்தை 1993 ஏப்ரல் 14ல் நிறுத்தியிருந்தோம். தமிழ்ப் புத்தாண்டான அன்றுதான் சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன் ஏறக்குறைய 18 ஆண்டுகள், 1975 ஆகஸ்ட் 15ல் பிறந்த சென்னைத் தூர்தர்ஷனைச் சுற்றியே தமிழ் வீடுகளின் மாலைப்பொழுது நகர்ந்தது. 1994ல் ராஜ் டிவியும் சேர்ந்துகொண்டது. மொட்டை மாடிகளில் கேபிள் வயர்கள் ஓடின. வாங்குவதற்கு வீடுகள் தயாராக இருந்தன. காட்டுவதற்குத்தான் சரக்கு போதவில்லை. பழைய படங்களும் பாட்டுகளும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அந்த வெற்று மணிநேரங்களை நிரப்பியவர்கள் தொடர் தயாரிப்பாளர்கள். நடிகர்களின் முகம் நமக்கு நினைவிருக்கிறது. இயக்குநர் பெயரைக் கொஞ்சம் பேர் சொல்வார்கள். எழுத்தாளர் பெயரை இன்னும் சிலர் சொல்வார்கள். தயாரிப்பாளர் பெயரோ திரையில் ஓடி மறைகிற ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் ஒரு தொடர் ஒரு கதையோடு முடிந்துபோகிறதா, அல்லது ஒரே பெயரின் கீழ் கதை மேல் கதையாகப் பல ஆண்டுகள் வாழ்கிறதா என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான். இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பற்றியது. அதற்குத் தமிழில் மிகச் சிறந்த உதாரணமாக நிற்பது ‘மர்மதேசம்’.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். சினிமாத் தயாரிப்பாளருக்கு ஒரு படம், ஒரு ரிலீஸ். படம் தள்ளிப்போனால் வட்டி ஏறும். ஆனாலும் தேதியை மாற்றிக்கொள்ள இடமுண்டு. தொடர் தயாரிப்பாளருக்கு வாராவாரம் ரிலீஸ். குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட மணிக்கு டேப் சேனலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நாயகிக்குக் காய்ச்சல், ஊரில் மழை, எடிட்டிங்கில் கோளாறு என்று எந்தக் காரணமும் எட்டரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குத் தெரியாது. அதனால் நல்ல தயாரிப்பாளர் எப்போதும் சில எபிசோடுகளை முடித்துக் கையிருப்பாக வைத்திருப்பார். அந்தக் கையிருப்பு கரையக் கரைய அவருக்குத் தூக்கம் குறையும்.

பணம் வந்த வழியும் வேறு. இந்தியாவில் அந்த வழியைத் திறந்தது 1984 ஜூலை 7ல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’. மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, பி.குமார் வாசுதேவ் இயக்கினார். தயாரித்தவர் ஷோபா டாக்டர். மேகி நூடுல்ஸ் அந்தத் தொடரோடுதான் இந்திய வீடுகளுக்குள் பரவியது. அரசுத் தொலைக்காட்சியில் ஒரு தனியார் தொடரை ஒரு தனியார் பொருளின் விளம்பரப் பணம் தாங்க முடியும் என்று அது நிரூபித்தது.

சென்னைக்கு அந்த ஏற்பாடு வந்தபோது இப்படி ஆனது: தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டி ஸ்லாட்டை எடுப்பார். பதிலுக்கு அந்த அரை மணிக்குள் சில நிமிட விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதைப் பத்துப் பத்து வினாடியாக வெட்டி, சோப்பு, காபித்தூள், பட்டுப்புடவை விற்கிறவர்களிடம் அவரே விற்க வேண்டும். விற்ற பணத்தில் சேனல் கட்டணம், நடிகர் சம்பளம், கேமரா வாடகை, யூனிட் சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது லாபம். மிஞ்சாவிட்டால் அவர் கைப்பணம். அதாவது கதையைத் தேர்ந்தெடுக்கும் அதே ஆள் நேரத்தையும் விலைக்கு வாங்கி விற்கிறார். இரண்டு வேலைக்கும் ஒரே தலை.

அப்படியொரு தலை மயிலாப்பூரில் இருந்தது. கே.பாலசந்தர் வாரன் ரோட்டில் குடியிருந்தவர். சினிமாவுக்கு வருவதற்கு முன் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தவர். பகலில் அரசுக் கணக்கு, மாலையில் ராகினி ரிக்ரியேஷன்ஸ் நாடகக் குழு. ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ எல்லாம் அந்த மேடையில் உருவானவை. சபா நாடகம் நடத்துகிறவருக்கு மூன்று விஷயம் அத்துப்படியாகும்: குறைந்த செலவில் ஒரு உலகத்தை எழுப்புவது, வசனத்தால் ஆளை உட்கார வைப்பது, சொன்ன நேரத்தில் திரையைத் தூக்குவது. தொலைக்காட்சி கேட்டதும் இந்த மூன்றைத்தான். 1981ல் ‘நெற்றிக்கண்’ படத்தோடு அவருடைய கவிதாலயா நிறுவனம் வந்தது. பிறகு தொலைக்காட்சிக்கென்றே மின்பிம்பங்கள் என்ற நிறுவனம் உருவானது. ‘ரயில் சினேகம்’, ‘கையளவு மனசு’ என்று பாலசந்தர் தானே தொடர்களை இயக்கிக் காட்டினார். சினிமாவில் உச்சத்தைத் தொட்டவர்கள் சின்னத்திரையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்த காலம் அது. அவர் இறங்கி வந்து வேலை செய்தது மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்தது.

மின்பிம்பங்களைத் தோளில் சுமந்தவர் அவருடைய மகன் பால கைலாசம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்துத் திரும்பியவர், ஆவணப்பட ஆள். கணபதி ஸ்தபதியை மையமாக வைத்து அவர் எடுத்த ‘வாஸ்து மரபு’ அந்தத் துறையில் மதிக்கப்படும் படம். ஆவணப்படக்காரர் ஒருவர் மர்மத் தொடர் தயாரித்தது தற்செயலாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயிலின் கல்லையும் கணக்கையும் உற்றுப் பார்த்த ஒருவருக்குத்தான், ஒரு கிராமத்துக் கோயிலை அட்டைச் சுவரில் போடக் கூடாது, நிஜ மண்ணில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் வரும்.

கதை மதுரையிலிருந்து வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் அப்போதே பத்திரிகைத் தொடர்களால் பெயர் பெற்றவர். சித்தர்கள், நவபாஷாணம், காவல் தெய்வம், கைரேகை என்று மக்கள் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் பேசிக்கொள்கிற விஷயங்கள் அவர் களம். இயக்குநராக நாகா வந்தார். 90களின் நடுப்பகுதியில் சன் டிவியில் வாரம் ஒருமுறை ‘மர்மதேசம்’ ஒளிபரப்பானது. முதல் கதை ‘ரகசியம்’. நவபாஷாண லிங்கம் இருக்கிற ஒரு கோயில், இரவில் உள்ளே போகிறவர்கள் உயிரோடு திரும்புவதில்லை, அந்த லிங்கத்தின் மருத்துவ குணத்துக்காக அலைகிறவர்கள் சிலர். அதை அடுத்து 1997 வாக்கில் ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் அந்தத் தலைப்பில் திரைக்கு வந்தது. பிறகு ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என்று வரிசை நீண்டது.

இங்கேதான் தயாரிப்பாளரின் முதல் பெரிய முடிவு இருக்கிறது. ‘மர்மதேசம்’ ஒரு கதையின் பெயர் அல்ல. ஒரு கூரையின் பெயர். கீழே கதை மாறும், ஊர் மாறும், நடிகர் மாறுவார்கள். கூரை அப்படியே இருக்கும். ‘ஜன்னல்’ என்ற தொடரிலும் இதே நிறுவனம் இதே முறையைக் கையாண்டது. இதில் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. புதுத் தொடர் என்றால் விளம்பரதாரரிடம் முதலிலிருந்து பேச வேண்டும், பார்வையாளரைப் புதிதாகப் பழக்க வேண்டும். ‘மர்மதேசம்’ அடுத்த கதை என்றால் இரண்டும் பாதி முடிந்த வேலை. அதைவிடப் பெரிய கலைக் கணக்கு ஒன்றும் உண்டு. மர்மக் கதைக்கு முடிவு வேண்டும். கொலையாளி யார் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே போனால் கேள்வியே செத்துவிடும். கதையை முடிக்கவும் வேண்டும், ஸ்லாட்டை விடவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க ஒரே வழி பெயரைத் தக்கவைத்துக் கதையை மாற்றுவது.

உலகில் மிக நீண்ட காலம் ஓடும் அறிவியல் புனைவுத் தொடர் இந்தப் பாடத்தைக் கற்றது லண்டனில். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23ல் தொடங்கியது. நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன். அவர் தேர்ந்தெடுத்த முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. முதல் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் நம் லக்னோவில் பிறந்தவர். பயங்கர ஜந்துக்கள் வேண்டாம் என்று நியூமன் சொல்லியிருந்தார். லாம்பர்ட் ‘டாலெக்’ என்ற உலோக எதிரிகளை விடாப்பிடியாகக் கொண்டுவந்தார். அந்த டாலெக்குகள்தான் தொடரை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1966ல் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல்லால் தொடர முடியாத நிலை. அப்போதைய தயாரிப்பாளர் இன்னஸ் லாய்டும் கதைப் பிரிவு ஆசிரியர் ஜெர்ரி டேவிஸும் ஒரு வழி கண்டார்கள்: நாயகன் வேற்றுக்கிரகவாசிதானே, அவன் உடல் மாறிப் புது முகத்தோடு எழட்டும். ஒரு நடிகரின் உடல்நிலைக்காகத் தயாரிப்பு அலுவலகத்தில் எடுத்த முடிவு அந்தத் தொடரின் ஆயுள் ரகசியமாகிவிட்டது. இன்றுவரை அந்த வித்தையில்தான் அது உயிரோடிருக்கிறது.

மயிலாப்பூர்க்காரர்கள் லண்டனைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நீண்ட காலம் வாழ நினைக்கிற எந்தக் கற்பனைத் தொடரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே நாயகன் மாறினான், பெயர் நின்றது. இங்கே கதையே மாறியது, பெயர் நின்றது.

இரண்டாவது முடிவு, அந்த உலகத்தின் விதியைக் காப்பது. குடும்பத் தொடரில் மாமியார் இந்த வாரம் கெட்டவர், அடுத்த வாரம் நல்லவர் ஆகலாம், பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அமானுஷ்யமும் அறிவியலும் கலந்த கதையில் எது நடக்கும், எது நடக்காது என்று ஒரு கோடு இருக்க வேண்டும். எதுவும் நடக்கலாம் என்றால் எதைக் கண்டும் பயம் வராது. ‘மர்மதேச’த்தின் கோடு தெளிவானது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு பதில் இருக்கும். ஊர்க்காரர் சொல்கிற சாமி பதில் ஒன்று, படித்தவர் சொல்கிற அறிவியல் பதில் ஒன்று. எழுத்து இரண்டுக்கும் சம மரியாதை தரும்.

‘விடாது கருப்பு’வில் இதை முழுமையாகப் பார்க்கலாம். தப்பு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கருப்புசாமி தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. நகரத்திலிருந்து வந்தவர்கள் காரணம் தேடுகிறார்கள். கடைசியில் பிளவுபட்ட ஆளுமை என்ற மனநோய் விளக்கம் வருகிறது. தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகள் பலவற்றில் அந்தச் சொல்லே அப்போதுதான் நுழைந்தது. ஆனாலும் சாமி தோற்றுவிட்டதாகக் கதை சொல்லவில்லை. பக்தர் மனம் நோகாமலும் பகுத்தறிவாளர் எழுந்து போகாமலும் ஒரே ஹாலில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்க்க முடிந்ததற்கு இந்தச் சமநிலைதான் காரணம். எழுதுகிறவர் ஒரு பக்கம் சாய்வார், எடுக்கிறவர் ஒரு பக்கம் சாய்வார். மொத்தக் கதையையும் கையில் வைத்துக்கொண்டு கோடு தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

மூன்றாவது, காசு. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஸ்கிரிப்டில் “இரவு. ஊர் எல்லை. குதிரை ஓடி வருகிறது” என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத அரை நிமிடம். இனி புரொடக்‌ஷன் மேனேஜர் நோட்டைப் பிரிப்பார். வாடகைக்குக் குதிரை, அதைப் பழக்கியவர், ஏற்றி வர லாரி. கரண்டு இல்லாத இடம், ஆகவே ஜெனரேட்டர், அதற்கு டீசல். பரந்த இருட்டுக்கு வெளிச்சம் போட உயரமான ஸ்டாண்டில் பெரிய லைட்டுகள், அவற்றைத் தூக்க லைட்மேன்கள். ராத்திரி கால்ஷீட் என்றால் யூனிட்டுக்குக் கூடுதல் பேட்டா. இரவுச் சாப்பாடு, நடுச்சாமத்தில் டீ. ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி. கருப்புசாமி கதை என்பதால் பூசாரியிடம் போய்ச் சூடம் ஏற்றி உத்தரவு கேட்காமல் ஊர்க்காரர்கள் விட மாட்டார்கள். யூனிட்டில் இருப்பவர்களுமே அதை விரும்புவார்கள். எல்லாம் தயார். குதிரை வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு நிற்கிறது. விடிந்தால் வேலை முடிந்தது. ஒரு ராத்திரிச் செலவு முழுக்கப் போய், கையில் இருப்பது இருபது வினாடி படம்.

தயாரிப்பாளர் இந்த நோட்டைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதில் ஒரு தொடரின் தலையெழுத்து இருக்கிறது. “குதிரையே வேண்டாம், யாராவது வந்து வசனத்தில் சொல்லட்டும்” என்றால் செலவு மிச்சம், தொடரும் சாதாரணமாகிவிடும். “தினமும் எடுங்கள்” என்றால் மூன்றே மாதத்தில் கம்பெனி மூடப்படும். நல்ல தயாரிப்பாளர் நடுவில் நிற்பார். ஒரே ராத்திரியில் குதிரையைப் பல கோணங்களில் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்வார். அடுத்தடுத்த வாரங்களில் குளம்புச் சத்தமும் மணிச் சத்தமும் மட்டும் வந்தால் போதும்; முழுக் குதிரையையும் பார்ப்பவரே மனதில் ஓட விட்டுக்கொள்வார். படத்தைவிட ஒலி மலிவு, பயத்துக்கோ ஒலிதான் வலிமை. ‘விடாது கருப்பு’வைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவர்கள் முதலில் சொல்வது அந்தக் குளம்பொலியைத்தான். சேத்தன், தேவதர்ஷினி போன்ற நடிகர்களுக்குப் பெரிய அடையாளம் தந்ததும் அந்தத் தொடரே.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடிவராதபோது என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. தமிழ் அறிவியல் புனைவின் மூத்த பெயர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் சென்னையில் வாழ்ந்தவர். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது. சிவரஞ்சனியும் ஆனந்தும் நடித்தார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி தமிழ் வாசகர்களின் செல்லம். சுஜாதா ‘மீண்டும் ஜீனோ’ என்று அடுத்த நாவலும் எழுதிவைத்தார். கதை இருந்தது, பாத்திரம் இருந்தது, காத்திருக்க வாசகர் கூட்டமும் இருந்தது. தொலைக்காட்சியில் மட்டும் ஜீனோவுக்கு ஒரு பரம்பரை உருவாகவில்லை. கதைக்குப் பக்கத்தில் பத்து வருஷம் நிற்கத் துணிந்த ஒரு தயாரிப்பு அலுவலகம் அதற்கு வாய்க்கவில்லை என்பதுதான் என் முடிவு.

வடக்கில் கேதன் மேத்தாவின் ‘கேப்டன் வியோம்’ 1998ல் தூர்தர்ஷனில் வந்தது. மிலிந்த் சோமன் நாயகன். விண்கலம், கிரகங்கள், கிராபிக்ஸ் எல்லாம் இருந்தும் நீண்ட காலம் ஓடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1997 செப்டம்பரில், முகேஷ் கன்னாவின் ‘சக்திமான்’ தொடங்கியது. நாயகனும் அவரே, தயாரிப்பாளரும் அவரே. தமிழில் பேசிய சக்திமானை நம் பிள்ளைகளும் கொண்டாடினார்கள். தூர்தர்ஷனுக்குக் கட்டணம் கட்டி ஒளிபரப்பிய தொடர் அது. கட்டணம் ஏறிக்கொண்டே போனதைத்தான் தொடர் நின்றதற்குக் காரணமாக முகேஷ் கன்னா பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். 2005 மார்ச்சில் அது முடிந்தது. நாடே தெரிந்த நாயகன், குறையாத குழந்தைக் கூட்டம். ஆனாலும் கணக்கு நோட்டில் ஒரு வரி ஒத்துவராவிட்டால் கதை நிற்கும்.

அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்’ கதையும் இதையே சொல்கிறது. 1966ல் தொடங்கி 1969ல் நிறுத்தப்பட்ட தொடர் அது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. முதல் மாதிரிப் படத்தை நெட்வொர்க் நிராகரித்தது. இரண்டாவது எடுத்தபிறகே அனுமதி வந்தது. அந்தச் செலவைத் தாங்கியது நகைச்சுவை நடிகை லூசில் பாலின் டெசிலு ஸ்டுடியோ. 1987ல் புது வடிவத்தில் மறுபடி எழுந்தபின், அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் ரிக் பெர்மன். 2005 வரை தொடர் மாற்றித் தொடராக அவர் அந்தப் பெயரைக் கொண்டுபோனார். கனவு கண்டவர் ஒருவர், பணம் போட்டவர் ஒருவர், பல்லாண்டு பேணியவர் ஒருவர். மூன்று பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

சென்னைக்குத் திரும்புவோம். 1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியது. தி.நகரிலிருந்து ராதிகாவின் ராடான் தயாரித்த அந்தத் தொடர் தமிழ்ச் சின்னத்திரையின் தாளத்தையே மாற்றியது. வாரம் ஒருநாள் என்பது வாரத்தில் ஐந்து நாள் ஆனது. தயாரிப்பாளரின் வேலையும் அதோடு மாறியது. வாரம் ஒரு அரை மணி என்றால் வெளியூருக்குப் போகலாம், ராத்திரிக்குக் காத்திருக்கலாம். நாளுக்கு ஒரு அரை மணி என்றால் வாடகை பங்களாவுக்குள் மூன்று அறையும் ஒரு பூஜையறையும்தான் உலகம். அந்த முறையில் எழுந்த தொடர்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன, பெண் நடிகர்களை மையத்துக்குக் கொண்டுவந்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குதிரை ஓட அந்த முறையில் இடமில்லை. முடிவு தேவைப்படும் கதைக்கும் இடமில்லை.

அந்த அலைக்கு நடுவிலும் மின்பிம்பங்கள் ஒருமுறை பழைய பாதையில் நடந்தது. 2004ல் சன் டிவியில் ‘சிதம்பர ரகசியம்’ வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். நாடி ஜோதிட ஓலை சொல்கிறபடியே மரணங்கள் நடக்கின்றன. ஓலை உண்மையா, ஓலையைப் படித்த ஒருவன் நடத்துகிறானா? ‘மர்மதேசம்’ என்ற பெயர் மேலே இல்லை. கோடு அதே கோடு.

2014 அந்த வீட்டுக்குக் கொடிய ஆண்டு. ஆகஸ்டில் பால கைலாசம் போனார். டிசம்பர் 23ல் பாலசந்தர் போனார். கைலாசம் கடைசிக் காலத்திலும் தொலைக்காட்சியை விடவில்லை. புதுயுகம் சேனலை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பாலசந்தரின் மகன் என்பதே தலைப்பாக இருந்தது. தமிழ்த் தொலைக்காட்சிக்கு ஒரு மர்ம மரபையே அமைத்துக் கொடுத்த தயாரிப்பாளர் என்று தலைப்பிட்டிருக்க வேண்டும்.

அந்த மரபு அறுந்துவிடவில்லை. ‘மர்மதேச’த்தின் எபிசோடுகளைக் கவிதாலயா யூடியூப்பில் ஏற்றியது. ஒளிபரப்பானபோது பிறந்திராத பிள்ளைகள் இன்று விடிய விடியப் பார்க்கிறார்கள். நாகாவின் பழைய நகைச்சுவைத் தொடரான ‘ரமணி வெர்சஸ் ரமணி’ 2022ல் ஆஹா தளத்தில் மறுபடி வந்தது. தயாரிப்பு கவிதாலயா, இயக்கம் நாகா. 2024 அக்டோபரில் நாகா இயக்கிய ‘ஐந்தாம் வேதம்’ ஜீ5 தளத்தில் வெளியானது. தயாரிப்பு அபிராமி மீடியா ஒர்க்ஸ். காசியிலிருந்து தொடங்குகிற அந்தக் கதையில் புராணத்துக்குப் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. அது வெளியான சில வாரங்களில், நவம்பர் 10ல், இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார்.

இனி தயாரிப்பாளரின் நான்காவது கடமை. நான் கடைசியில் வைத்தாலும் அதுதான் மிக முக்கியம்: டேப்பைக் காப்பது. ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் எபிசோடுகளில் 90க்கும் மேற்பட்டவை பி.பி.சி.யின் காப்பகத்தில் இல்லாமல் போயின. அப்போது வீடியோ டேப் விலை அதிகம். பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்தார்கள். இன்று ரசிகர்கள் ஒரே ஒரு எபிசோடுக்காக உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. நம் சென்னைத் தயாரிப்பாளர்கள் பலருடைய டேப்புகள் எங்கே இருக்கும்? வீட்டுப் பரணில், பூட்டிய அலுவலக அறையில். சென்னையின் ஈரக்காற்று காந்த நாடாவுக்குப் பரம எதிரி. பூசணம் பிடித்த பீட்டாகேம் டேப்பை ஓட்டிப் பார்க்க மெஷின்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ‘மர்மதேசம்’ இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது, அதைத் தயாரித்தவர்கள் டேப்பைப் பத்திரமாக வைத்திருந்ததால் மட்டுமே.

எனவே ஒரு வேண்டுகோள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, வடபழனி என்று இந்த நகரத்தில் எங்கேயாவது உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ மாமாவோ 80களிலும் 90களிலும் தொடர் தயாரித்திருந்தால், பரணில் இருக்கும் டேப்புகளை இந்த வருஷமே டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். ஸ்கிரிப்ட், கால்ஷீட் நோட்டு, விளம்பரதாரருக்கு எழுதிய கடிதம், சேனலுக்குக் கட்டிய ரசீது எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அச்சுத் தமிழைக் காப்பதில் 30 ஆண்டு அனுபவம் உள்ள இடம். அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நடிகரின் புகைப்படம் எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். ஒரு தொடர் எப்படி உயிர்வாழ்ந்தது என்பதற்கு அந்தக் கணக்கு நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

(அடுத்த அத்தியாயத்தில்: தி.நகர், ராடான், ‘சித்தி’. ஒரு நடிகை தயாரிப்பாளரான கதை.)